இல்லங்களில் அணையாத செபம்: புனித ஜோசப் வாஸ் அடிகளார்

வழிபட ஓர் ஆலயமும் வழிநடத்த ஒரு குருவும் இருக்கும்போது செபிப்பது இலகு. இரண்டும் பறிக்கப்பட்ட பின்னரும் ஒரு சமூகம் தனது நாளாந்த வாழ்வில் செபத்தைக் காத்துக்கொள்வது எங்ஙனம்? இக்கேள்விக்கு இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாறு தரும் விடைதான் புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை.

கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் குடும்பமொன்றில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்த அவர், 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கன்னடக் கரையோரத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்து கோவா திரும்பியவர், 1685இல் சுதேச குருக்கள் சிலரோடு ஒரத்தோரியன் சபையில் இணைந்தார். ஆயினும் அவரது உள்ளம் இலங்கையையே நாடி நின்றது.

அதற்குக் காரணம் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாயின. குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. பகலில் ஆட்சியாளரின் ஆலயத்துக்குச் சென்ற மக்கள், இரவில் கதவை அடைத்துத் தம் இல்லங்களில் செபமாலை சொல்லினர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இவ்விடத்தில் மற்றுமோர் உண்மையையும் மறைப்பதற்கில்லை. ஒல்லாந்தருக்கு முன் ஆண்ட போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர்; 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அம்முஸ்லிம்களுக்கு அடைக்கலம் அளித்தவர் கண்டி மன்னர் செனரத். பின்னொரு காலத்தில், துன்புற்ற கத்தோலிக்கருக்கும் அதே கண்டி இராச்சியமே புகலிடமாயிற்று. அதிகாரத்தின் துணையோடு பரப்பப்பட்ட சமயம், அதிகாரத்தை இழந்த பின்னரே செபத்தின் உண்மையான வலிமையை உணர்ந்தது எனலாம்.

1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து யாழ்ப்பாணம் வந்த அடிகளாரிடம் குருவுக்குரிய உடை இல்லை. ஏழைக் கூலியாளின் கோலமே இருந்தது. வந்ததும் கடும் வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. உடல் தேறியதும், கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். வாய் திறந்து கேட்க முடியாத கேள்வியை அந்தச் செபமாலை கேட்டது. அதை உற்றுநோக்கிய கண்களிலிருந்து தம் மக்களை அவர் இனங்கண்டார். பின்னர் சில்லாலையை மையமாகக் கொண்டு, இரவு வேளைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, பொழுது விடியுமுன் அடுத்த ஊருக்கு நடந்தார்.

எல்லா ஊர்களிலும் தாம் ஒருவரே இருக்க இயலாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எனவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் எனப் பொதுநிலையினரை நியமித்து, செபங்களை நடத்தும் பொறுப்பையும் சிறுவருக்கு மறைக்கல்வி புகட்டும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைத்தார். செபங்கள் மக்களின் சொந்த மொழியில் அமைய வேண்டுமென்பதற்காகத் தமிழையும் சிங்களத்தையும் கற்றார். இதனால் குரு வராத மாதங்களிலும் உழவரும் கடற்றொழிலாளரும் தம் நாளைச் செபத்தோடு தொடங்கிச் செபத்தோடு முடிக்க வழி பிறந்தது.

1689 கிறிஸ்மஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் கைது செய்தனர். அடிகளார் தப்பி, கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்தைச் சென்றடைந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். காவலில் இருந்தவாறே சிறு குடிசையொன்றை அமைத்துச் செபித்தார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் ஐயம் நீங்கியது. பௌத்த மன்னரின் தலைநகரிலே கத்தோலிக்கக் குரு ஒருவர் வெளிப்படையாகப் பணியாற்றும் நிலை உருவாயிற்று.

1697இல் கண்டியில் வைசூரி நோய் பரவியது. மன்னரும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயாளரை உறவினரே கைவிட்டுச் சென்றனர். அடிகளாரும் அவரது உறவினரான ஜோசப் கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்ட வீடுகளையே மருத்துவ மனைகளாக்கி, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயுற்றவரின் சமயம் யாதென அவர்கள் வினவவில்லை. கஞ்சிக் கலயத்தையும் தண்ணீர்க் குடத்தையும் ஏந்திய அந்நாட்களில், செபத்துக்கும் பணிக்கும் இடையே அவர்கள் வேறுபாடு காணவில்லை.

அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த அவர், ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்களை எழுதி அப்பணியைத் தொடர்ந்தார். காலிமுகத்திடலில் 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரால் அருளாளராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸினால் புனிதராகவும் ஜோசப் வாஸ் அடிகளார் உயர்த்தப்பட்டார்.

ஐவேளைத் தொழுகையால் தம் நாளை வகுத்துக்கொள்ளும் முஸ்லிம்களுக்கும், வீட்டில் விளக்கேற்றிய பின்னரே அந்திப் பொழுதின் அலுவலைத் தொடங்கும் இந்துக்களுக்கும் இவ்வாழ்க்கையின் செய்தி அந்நியமானதன்று. வழிபாட்டுத் தலங்கள் இடிக்கப்படலாம், பூட்டப்படலாம். அன்றாட வாழ்வோடு கலந்துவிட்ட செபத்துக்குப் பூட்டு இல்லை. அச்செபம் மெய்யானதா என்பதை, துன்புறும் அயலவரின் கதவைத் தட்ட நாம் எழுந்து செல்கிறோமா என்பதைக் கொண்டே அறியலாம்.