கெனத் ஆண்டர்சன்

1910-ஆம் ஆண்டிற் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த கெனத் ஆண்டர்சன் துரையவர்கள், அந்நாளைச் சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி சிறுத்தைகளை வேட்டையாடிப் புகழெய்தியவர். யானையும் பரிவாரமும் சூழச் செல்லும் ஜமீன்தார் வேட்டை அவர்க்குரியதன்று. பூசாரி பைரா, ரங்கா என்னும் இருவரே பெரும்பாலும் துணை. பைரா, சின்னாற்றங்கரைக் குழியொன்றில் வசித்த பரம ஏழை. எனினும் காட்டுத் தடமறியும் வித்தையைத் துரை அவரிடமே கற்றார். இது நம் மாணவர் கருதத்தக்கது. இரவெல்லாம் பரண்மீது இருமலையும் அடக்கி, கொசுக்கடி பொறுத்து, இரைக்கு மீளும் விலங்கிற்காகக் காத்திருத்தல் எளிதோ? ஜவளகிரியில் துணையிழந்து மனிதரைக் கொன்றுவந்த பெண்புலியை, ஆண்புலிபோற் குரலெழுப்பி வரவழைத்தே சுட்டார். ஊரார் பிழைத்தனர், ஆயினும் அவ்வழைப்பை நினைக்குங்கால் நம் நெஞ்சு சிறிது கூசுகின்றது. பிற்காலத்தில் துப்பாக்கியை விடுத்துக் காமிராவையே மிகுதியும் ஏந்திய துரை, 1974-இல் பெங்களூரிற் காலமானார்.