பல்புக்குள் நின்ற கூட்டம்! ரேடியோவுக்கு வழி காட்டிய லாங்மூர்

அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் ஒரு சிறுவன் இருந்தான். அவனுக்குப் பார்வை மட்டம். 11-வது வயதில்தான் மூக்குக் கண்ணாடி கிடைத்தது. அதன் பிறகே உலகம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சிறுவன்தான் பிறகு, எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாத எலெக்ட்ரான்களின் நடமாட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னான்!

அவர் பெயர் இர்விங் லாங்மூர். பிறந்தது 1881-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. கொலம்பியாவில் உலோகவியல் படித்தார். ஜெர்மனிக்குப் போய் 1906-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, கல்லூரி ஆசிரியர் ஆனார்.

1909-ம் ஆண்டு கோடை விடுமுறை வந்தது. ஸ்கெனெக்டடி நகரில் உள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலைக்கு வேலை செய்யப் போனார். விடுமுறை முடிந்தது. லாங்மூர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. 1950 வரை அங்கேயே இருந்து விட்டார்!

மர்மம் என்ன?

பல்பில் இருக்கும் டங்ஸ்டன் கம்பி சூடேறினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே வரும். எதிரே ஒரு தகடு வைத்து அதில் மின்சாரம் கொடுத்தால், அவை தகட்டுக்குத் தாவும். ஆனால், கம்பியை மேலும் மேலும் சூடாக்கினாலும் ஓர் அளவுக்கு மேல் மின்சாரம் கூடவில்லை. ஏன்?

பல்புக்குள் மிச்சம் இருக்கும் காற்றுதான் எலெக்ட்ரான்களை வரவழைக்கிறது, காற்றே இல்லாவிட்டால் மின்சாரம் ஓடாது என்று அந்த நாளில் பல விஞ்ஞானிகள் நம்பினார்கள்.

லாங்மூர் காற்றை முடிந்த மட்டும் வெளியேற்றிப் பார்த்தார். மின்சாரம் ஓடியது! அப்படியானால், தடுப்பது யார்? எலெக்ட்ரான்களேதான்!

சினிமா விட்டதும் வாசலில் என்ன நடக்கிறது? முன்னால் வந்தவர்கள் அங்கேயே நின்றால், பின்னால் வருகிறவர்கள் வெளியே வர முடியாது. கம்பியைச் சுற்றிலும் எலெக்ட்ரான்கள் இப்படித்தான் கூட்டமாக நின்றன. எல்லாம் ஒரே இன மின்சாரம். ஒன்றை ஒன்று பிடிக்காது. புதிதாக வருகிறவற்றை, முன்பே நிற்பவை கம்பிக்கே திருப்பித் தள்ளி விட்டன!

இந்த நெரிசலைக் குறைக்க, தகட்டின் இழுப்பைக் கூட்ட வேண்டும். வோல்ட்டை 4 மடங்கு ஆக்கினால் மின்சாரம் 8 மடங்கு ஆகும். சைல்ட் என்ற விஞ்ஞானி 1911-ல் வேறு மின் துகள்களுக்கு இதே கணக்கைக் கண்டிருந்தார். லாங்மூர் 1913-ல் எலெக்ட்ரானுக்கு நிரூபித்தார். அதனால் இருவர் பெயராலும் இந்த விதி வழங்குகிறது.

கோர்ட்டில் தோல்வி

காற்று இல்லாத வால்வு நம்பகமாக வேலை செய்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய வால்வு ரேடியோவைத் திருப்பியதும் பேசாது. சற்று நேரம் எடுக்கும். உள்ளே கம்பி சூடேற வேண்டும் அல்லவா?

இந்த வால்வுக்கு 1913-ல் கேட்ட காப்புரிமை 1925-ல்தான் கிடைத்தது. டி பாரஸ்ட் ரேடியோ கம்பெனி எதிர்த்து வழக்காடியது. காற்றை நீக்கும் யோசனை அந்தத் தொழிலில் ஏற்கனவே தெரிந்ததுதான் என்று கூறி, 1931-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

லாங்மூருக்கு இது பெரிய அடிதான். ஆனால், தோற்றது காப்புரிமை. அவர் போட்ட கணக்கை யாரும் தவறு என்று சொல்லவில்லை. மறு ஆண்டே, 1932-ல், பொருள்களின் மேற்பரப்பைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக அவருக்கு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

1957 ஆகஸ்டு 16-ந் தேதி லாங்மூர் காலமானார். வால்வு ரேடியோவும் வீடுகளை விட்டுப் போய்விட்டது. எலெக்ட்ரான்களைக் கற்றையாகப் பாய்ச்சும் எந்திரங்களை அமைக்கிறவர்கள், கூட்ட நெரிசலைக் கணக்கிட இன்றும் அவருடைய விதியைத்தான் எடுக்கிறார்கள்.