ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் எழுதியவர்
(ஆறுமுக நாவலர் வாழ்க்கை வரலாறு)



போன மாசம் மதிய சாப்பாட்டு நேரத்துல, பக்கத்துல உட்காரும் என் கிறிஸ்தவத் தோழி ஒரு கேள்வி கேட்டாள். தினமும் நெத்தியில திருநீறு வெச்சிட்டு வர்றியே, அது எதுக்கு என்று. கிண்டலா இல்லை, தெரிஞ்சிக்கத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஆயாவைக் கேட்டேன். வெச்சா நல்லது, சாமி விஷயத்துல கேள்வி கேக்காதடின்னு திட்டு விழுந்தது. மறுநாள் எங்கள் தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்காகவே ஒருத்தர் புத்தகம் எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார் என்றார். அவர்தான் ஆறுமுக நாவலர்.

பிறப்பும் படிப்பும்

இலங்கையில் யாழ்ப்பாணத்தில் உள்ள நல்லூரில் 18.12.1822 அன்று பிறந்தார். அப்பா பெயர் கந்தப்பிள்ளை. அம்மா பெயர் சிவகாமி. வீட்டிலே இவர்தான் கடைக்குட்டி. அப்பா தமிழ் நாடகம் எழுதுகிறவர். ஒரு நாடகத்தைப் பாதி எழுதியிருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அப்போது ஆறுமுகத்துக்கு வயசு ஒன்பது. மீதி நாடகத்தை அந்தச் சின்னப் பையனே எழுதி முடித்தான் என்று சொல்கிறார்கள். நமக்கு நாலாங்கிளாஸ் வயசு!

பிறகு வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தார். அங்கேயே தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அந்தப் பள்ளியை நடத்தியவர் பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார். அவர் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது கூட இருந்து உதவி செய்தவர் ஆறுமுகம்தான். திருநீறு பூசிய சைவர் பைபிளுக்குத் தமிழ் எழுதினார் என்பது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது.

அவர் பார்த்த குறை

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துல ஆங்கிலம் படிச்சாத்தான் உத்தியோகம். ஆங்கிலம் படிக்க மிஷன் பள்ளிக்குத்தான் போகணும். அங்கே பாதிரிமார்கள் தங்கள் சமயத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி, புத்தகம் அச்சடிச்சு, வகுப்பு பிரிச்சு, தினமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் சைவ வீட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் கோயிலைப் பற்றி எளிமையாகச் சொல்ல யாரும் இல்லை. பெரியவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் கடினமான பாட்டிலே இருந்தது. பிள்ளைகளுக்குப் புரியாது. நிறைய பேர் மதம் மாறினார்கள்.

இதைப் பார்த்து அவர் பாதிரிமார்களைத் திட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அவங்க எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாங்க என்று கூடவே இருந்து பார்த்து, அந்த முறையையே எடுத்துக்கொண்டார். இதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

பள்ளியும் அச்சுக்கூடமும்

31.12.1847 வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தார். அப்போது அவருக்கு 25 வயசு. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பேச ஆரம்பித்தார். 1848-ல் வேலையை விட்டுவிட்டு, அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார்.

பள்ளி வந்தாச்சு, புத்தகம் வேணுமே! 1849-ல் கடல் தாண்டி நம்ம தமிழ்நாட்டுக்கு வந்து அச்சு எந்திரம் வாங்கிப்போனார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கொடுத்தது. பிறகு வகுப்பு வாரியாகப் பாலபாடம் என்ற பாடப்புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகத்தில் சின்னச் சின்ன வாக்கியம். மேல் புத்தகத்தில் களவு, பொய், கள் குடிப்பது எல்லாம் ஏன் தப்பு என்று பாடம். பெரியபுராணத்தை 1852-ல் உரைநடையாக அச்சிட்டார்.

சைவ வினாவிடை என்ற புத்தகம்தான் எங்கள் ஐயா சொன்னது. அது முழுக்கக் கேள்வியும் பதிலும். கடவுள், உயிர், திருநீறு, உருத்திராக்கம், கோயிலுக்குப் போகும் முறை எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்டு, பதிலையும் எழுதியிருக்கிறார். எங்க ஆயா கேட்கக்கூடாது என்ற கேள்வியை எல்லாம் அவர் அச்சடிச்சே வெச்சிருக்கார்!

1864-ல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி தொடங்கினார். அது இப்போது அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக இருக்கிறது. 1877 வாக்கில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 5.12.1879 அன்று, 57 வயது நிறைய 13 நாள் இருக்கும்போது காலமானார். அவரைத் தமிழ் உரைநடையின் தந்தை என்று போற்றுகிறார்கள்.

எனக்குப் பிடிக்காத ஒன்று

இதையும் எழுதணும். நாவலர் சாதி வேற்றுமையை ஏற்றுக்கொண்டவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமா உட்கார்ந்து படிக்கணும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஐயா இதைச் சொன்னபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தக் கட்டுரையே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். பெரியவங்க செஞ்ச நல்லதை எடுத்துக்கோ, தப்பையும் மறைக்காம எழுது என்று ஐயா சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

திருநீறு என்பது சாம்பல். எந்தப் பொருளும் கடைசியில் எரிந்தால் சாம்பல்தான். நம்ம உடம்பும் அப்படித்தான், அதனால் ஆணவம் கூடாது என்று ஞாபகப்படுத்தத்தான் அதை நெற்றியில் பூசுகிறோம். மூன்று கோடும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்கும் போகணும் என்பதற்காக என்று சொல்வார்கள். எல்லாரும் கடைசியில் ஒரே சாம்பல் என்றால், அதில் உசந்த சாம்பல், தாழ்ந்த சாம்பல் எங்கே இருக்கு? அவர் சொல்லிக்கொடுத்த திருநீற்றை வைத்தே அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்கப் பழக்கியவர் கோபப்பட மாட்டார் என்று நம்புகிறேன்.

என் தோழிக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் தவக்காலத் தொடக்கத்தில் சாம்பல் புதன் என்று ஒரு நாள் உண்டாம். அன்றைக்கு ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசுவாராம். மண்ணிலிருந்து வந்த மனுஷன் மண்ணுக்கே போவான் என்று நினைக்கத்தானாம். ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். ஆயாவிடமும் சொன்னேன். திட்டவில்லை, நெத்தியில பூசிவிட்டார்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி