ஆற்றுநீர்ப் பங்கும் அல்பிரட் டீக்கினும்

யூபிலி மலர்களிற் கல்லூரியைத் தாபித்த பெரியார்களின் சரிதங்களே முதலிடம் பெறுதல் முறை. அவற்றை எழுதுதற்கு எம்மினுந் தகுதியுடையார் பலர் உளராதலின், நாம் கடல் கடந்த நாட்டவர் ஒருவரின் வாழ்க்கையை இங்கு எடுத்துக்கொண்டோம். அவர் அவுஸ்திரேலியாவின் இரண்டாவது பிரதமர் அல்பிரட் டீக்கின். மூன்று முறை பிரதமராயிருந்தவர் என வரலாற்று நூல்கள் அவரைக் கூறும். எம்மை ஈர்த்தது அவரது பிறிதொரு பணி. ஆற்றின் நீர் யாருக்குரியது என்னும் வினாவுக்கு அவர் தம் முப்பதாவது வயதிலேயே சட்டமூலம் விடை கண்டார். அவரவர்க்கு எவ்வளவு, எடுத்த நீருக்குக் கணக்கு எங்கே என்னும் அடுத்த வினாக்கள் அவர் காலத்தில் முற்றாகத் தீர்ந்தில. மேல்வயற்காரன் மடையை அடைத்தாற் கீழ்வயற்காரன் பயிர் கருகும் என்பதனை வன்னிக் குளங்களின் கீழ் வயல் செய்யும் எம்மவர்க்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டீக்கின் 1856 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3 ஆந் திகதி மெல்போண் நகரிற் பிறந்தார். இலங்கையில் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் நிறைவேறி, பழைய நீர்ப்பங்கீட்டு வழக்கங்களுக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்ததும் அதே ஆண்டிலாகும். தந்தையார் குதிரைவண்டிக் கம்பனி ஒன்றிற் பணியாற்றியவர். மகன் சட்டம் பயின்று 1877 இல் நியாயவாதியானார். வழக்குகள் தேடி வரவில்லை; தத்துவமும் ஆவியுலக ஆராய்ச்சியும் அவரைத் தம்பால் இழுத்தன. 'ஏஜ்' பத்திரிகையின் அதிபர் டேவிட் சைம் அவரது எழுத்தாற்றலைக் கண்டு பத்திரிகைத் துறையிற் சேர்த்தார். பின்னர் அரசியலுக்கும் அவரே வழிகாட்டியானார்.

1879 ஆம் ஆண்டில், 22 வயதில், டீக்கின் விக்ரோரியாச் சட்டசபைக்குத் தெரிவானார். ஒரு வாக்குச் சாவடியில் வாக்குச்சீட்டுப் போதாமற் போனமையாற் சிலர் வாக்களிக்க முடியவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சபையில் நிகழ்த்திய கன்னிப் பேச்சிலேயே அவர் தம் பதவியைத் துறந்தார். மறுபடியும் நின்றார், தோற்றார். மூன்றாம் முறையும் தோற்று, 1880 ஆம் ஆண்டு நடுப்பகுதியிலேயே ஆசனத்தை மீட்டார். வென்ற ஆசனத்தை இவ்வாறு விடுவோர் எந்நாட்டிலும் அரியரே.

அக்காலத்தில் விக்ரோரியாவின் வடபுலச் சமவெளிகளை வறட்சி வாட்டியது. கோதுமை விதைத்த குடியானவர் மழையை எதிர்பார்த்து ஏமாந்தனர். 1883 இல் அமைச்சரான டீக்கின், நீர்வழங்கல் பற்றிய அரச ஆணைக்குழுவின் தலைவராகி, 1884 ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் எந்திரியையும் பத்திரிகையாளர் இருவரையும் உடன்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் சென்றார். அங்கு வாய்க்கால்களையும் அணைகளையும் நுணுகி நோக்கினார். ஆயினும், நீதிமன்றங்களிற் கண்டதே அவரது சிந்தையைப் பெரிதுந் தூண்டியது எனலாம்.

அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஆற்றங்கரையில் நிலமுடையவர்க்கே ஆற்றுநீரில் உரிமை உண்டு. அவர்தம் நிலத்தைக் கடந்து செல்லும் நீரின் அளவும் தன்மையும் குன்றாதிருத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய வழக்கு. மழைக்குக் குறைவில்லாத நாட்டில் அதனால் இடரில்லை. வறண்ட நாட்டிலோ கரையிலுள்ள ஒருவர் ஒன்றும் பயிரிடாதிருந்துகொண்டே, பத்துக் கல்லுக்கு அப்பாலுள்ள நூறு குடும்பங்களின் வாய்க்காலைத் தடுத்துவிடலாம். கலிபோர்னியாவில் கேர்ன் ஆற்றுநீரைப் பற்றி, மில்லர்–லக்ஸ் என்னும் மாட்டுப்பண்ணைக் கம்பனியாரும் ஹகின் என்னும் நிலக்காரரும் பல்லாண்டு வழக்காடிக்கொண்டிருந்தனர். 1886 இல் உயர்நீதிமன்றம் கரையுரிமையையே நிலைநிறுத்தியது. முந்தி எடுத்தவர்க்கே முதலுரிமை என்ற வேறொரு கொள்கையும் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் நிலவியது. தம் நாட்டில் வழக்குகள் பெருகுமுன்னரே உரிமையை அரசின் கையில் ஒப்படைத்துவிடுதல் நன்று என்ற முடிவுடன் டீக்கின் திரும்பினார்.

அதன் பயனே 1886 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம். ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் நீரைப் பயன்படுத்தும் உரிமை முடிக்குரியது என அது வகுத்தது. கரைநிலம் வாங்கியதனால் மட்டும் ஒருவர் ஆற்றை ஆளமுடியாதென்றாயிற்று. குடியானவர் ஒன்றுகூடி நீர்ப்பாசனச் சபைகளை அமைக்கலாம். அவற்றிற்கு அரசு கடன் கொடுக்கும். பத்தாண்டுகளின் பின், 1896 இல், நியூ சவுத் வேல்சும் தன் நீருரிமைச் சட்டத்தால் இவ்வழியைப் பின்பற்றியது. கலிபோர்னியாவில் டீக்கின் சந்தித்த சாஃபி சகோதரர்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, மரே ஆற்றங்கரையில் மில்டுரா, ரென்மார்க் என்னுங் குடியேற்றங்களை 1887 இல் தொடங்கினர்.

அதே 1886 ஆம் ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டத்தையும் ஈண்டுக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். கலப்புக் குருதியினர் எனப்பட்டோருள் 34 வயதிற்குட்பட்டோரை அது ஒதுக்கிடங்களினின்றும் வெளியேற்றியது, குடும்பங்கள் பிரிந்தன. அம்மசோதாவைச் சபையிற் கொணர்ந்தவரும் தலைமைச் செயலாளராயிருந்த டீக்கினே. மரே ஆற்றின் கரைகளில் எண்ணிறந்த தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்ந்த மக்களுக்கு அவ்வாற்றில் என்ன பங்கு என்ற கேள்வி நீர்ப்பாசனச் சட்டத்தில் எழவேயில்லை.

1890 இன் இறுதியில் அவர் எமது பக்கம் வந்தார். 'ஏஜ்' பத்திரிகைக்காக அவர் மேற்கொண்ட அப்பயணத்தின் பயனாக 1893 இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று இந்தியாவினதும் இலங்கையினதும் நீர்ப்பாசனத்தையும் வேளாண்மையையும் பற்றியது. மற்றையது இந்தியக் கோயில்களையும் சமாதிகளையும் பற்றியது. எந்திரியின் கண்ணோடும் தத்துவ மாணாக்கனின் உள்ளத்தோடும் ஒருவர் ஒரே பயணத்தில் இரு நூல் ஆக்கினார் என்பது எமக்கு மகிழ்ச்சி தருவதே.

நாடு திரும்பியபின் இடர் சூழ்ந்தது. வங்கிகள் வீழ்ந்தன, டீக்கின் தம் பொருளை மட்டுமன்றித் தந்தையாரின் சேமிப்பையும் இழந்தார். சாஃபி சகோதரரின் கம்பனி முறிந்தது. நீர்ப்பாசனச் சபைகள் கடனைத் திருப்ப முடியாது தத்தளித்தன. 1899 இல் அக்கடனின் பெரும்பகுதியை அரசு தள்ளுபடி செய்தது. குடியானவர் வறண்ட ஆண்டில் நீரைக் கேட்டனர். மழை பெய்த ஆண்டில் நீரும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்றனர். வாய்க்காலுக்கான வட்டியோ மழையைப் பார்த்து நிற்பதில்லை. உரிமை யாருடையது என்று சட்டம் சொன்னதேயன்றி, ஒவ்வொரு காணிக்கும் இவ்வளவு நீர் என்று அளந்து பதிந்து, அதற்குரிய கட்டணத்தைக் கட்டாயமாக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து 1907 இல் வந்த எல்வூட் மீட் என்னும் எந்திரியின் காலத்தில், 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அக்குறை நீங்கியது. நீரை எடுத்தாலும் எடாவிட்டாலும் காணிக்குரிய பங்கிற்குப் பணம் செலுத்தல் வேண்டும் என்றாயிற்று.

இதற்கிடையில் ஆறு குடியேற்றங்களும் ஒரு பொதுநலவாயமாக இணைய முயன்றன. அம்முயற்சியில் டீக்கின் முன்னின்றார். 1898 இல் மெல்போணிற் கூடிய மாநாட்டில் ஆறுகளைப் பற்றிய விவாதம் நாட்கணக்கில் நீண்டது. தென் அவுஸ்திரேலியா கப்பலோட்ட நீர் கேட்டது. நியூ சவுத் வேல்ஸ் தன் ஆறுகளைப் பிறர் ஆளவிட மறுத்தது. முடிவில் அரசியலமைப்பின் 100 ஆம் பிரிவு உருவாயிற்று. நீரைத் தேக்கவும் பாய்ச்சவும் நியாயமான அளவிற் பயன்படுத்தும் மாநிலங்களின் உரிமையை மத்திய அரசு தன் வணிகச் சட்டங்களாற் குறைத்தலாகாது என்பது அதன் சாரம். நியாயமான அளவு எவ்வளவு என்பதனை யாரும் வரையறுத்திலர். வழக்கறிஞர்க்கு இனிப்பான சொற்கள் கணக்கருக்குக் கசப்பானவை.

1901 இல் முதலாவது சட்டமா அதிபரான டீக்கின், குடிவரவுத் தடைச் சட்டத்தைச் சபையில் வலியுறுத்திப் பேசினார். எழுத்துப் பரீட்சை என்னும் போர்வையில் ஆசிய மக்களை அச்சட்டம் புறத்தே நிறுத்தியது. ஆசியரின் குறைபாடுகளைக் காட்டிலும் அவர்தம் உழைப்பும் திறமையுமே அஞ்சத்தக்கவை என்பது அவரது வாதம். இலங்கையின் நீர்ப்பாசனத்தைப் பற்றி நூலெழுதியவர் இலங்கைக் கமக்காரனைத் தம் நாட்டிற் குடியேறவிடார். அவர் புகழைப் பாடுவோர் இதனை ஒரு காலத்தின் வழக்கமென்று கூறிக் கடந்துவிடுவதுண்டு. எமக்கு அது உடன்பாடன்று.

1903, 1905, 1909 ஆகிய ஆண்டுகளில் அவர் பிரதமரானார். பட்டங்களை மறுத்தார். லண்டன் பத்திரிகை ஒன்றிற்குப் பெயர் குறிப்பிடாது அவுஸ்திரேலியச் செய்திகளை எழுதி வந்தவர், பிரதமரான பின்னும் அதனை நிறுத்தினாரில்லை என்பது வியப்பானதொரு செய்தி. நாவன்மையாற் சபைகளை வென்ற அவரை ஞாபகமறதி மெல்லமெல்லப் பீடித்தது. 1913 இல் அரசியலைத் துறந்தார். 1919 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7 ஆந் திகதி, தம் 63 ஆவது வயதிற் காலமானார்.

அவர் அரசியலை விட்ட மறு ஆண்டில், 1914 இல், மரே ஆற்று உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அல்பரி நகரைக் கடக்கும் நீர் நியூ சவுத் வேல்சுக்கும் விக்ரோரியாவுக்கும் சரிபாதி; அதற்குக் கீழே வந்துசேரும் கிளையாறுகள் அவ்வவற்றின் மாநிலத்துக்கே உரியன; தென் அவுஸ்திரேலியாவுக்குக் குறித்த அளவு நீரை மேலைய இரு மாநிலங்களும் சமமாகத் தருதல் வேண்டும். அப்பங்கு இப்போது சாதாரண ஆண்டொன்றிற்கு 1850 கிகாலீற்றர். ஒரு கிகாலீற்றர் நூறு கோடி லீற்றராகும். 1919 இல் தொடங்கிய ஹியூம் அணை 1936 இல் முடிவுற்றது.

பங்கு சொல்வது எளிது. ஓடும் நீரிற் பங்கை அடையாளங் காண்பது அரிது. ஒரே கொம்பறையில் அண்ணனுந் தம்பியும் நெல்லைக் கொட்டிவைத்து, ஏட்டில் மட்டும் பிரித்துக்கொள்வது போன்றது இது. ஹியூம் நீர்த்தேக்கத்தில் ஒரு மாநிலத்தின் பாதி நிரம்பிவிட்டால், மேலும் வரும் அதன் நீர் மற்றை மாநிலத்தின் வெற்றிடத்திற்குச் சேரும். அணையில் ஒரு துளியும் வழியாது, கணக்கிலேயே வழியும். திறந்த நீர் தென் அவுஸ்திரேலிய எல்லையை அடையப் பல வாரங்கள் செல்லும். வழியில் ஆவியாகும், மண்ணிற் சுவறும், கிளையாற்று நீருடன் கலக்கும். பார்மாக் காட்டருகே ஆறு ஒடுங்குவதால், கேட்ட நீரெல்லாம் ஒருங்கே செல்லவும் இயலாது. நீர் வந்துகொண்டிருக்கையில் மழை பெய்தாற் கேட்டவர் வேண்டாமென்பார். அந்த இழப்பெல்லாம் யாருடைய பற்றிற் சேரும்?

இதற்காகவே இக்காலத்து நீரியலறிஞர் கணினியில் ஆற்றின் மாதிரியுருவை அமைத்துள்ளனர். ஆற்றைப் பல கூறுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் வரவு, செல்வழி நாட்கள், இழப்பு, எடுத்த நீர் ஆகியவற்றைப் பதிந்து, செல்லும் நீருக்கு உடையவர் பெயரையும் உடன்சேர்த்து அது கொண்டுசெல்லும். 1895 முதல் 2009 வரையான 114 ஆண்டுகளின் மழையையும் வெயிலையும் அதிற் புகுத்தி, இன்றைய உரிமைகள் அன்றைய வறட்சிகளில் எவ்வாறு தாங்கியிருக்கும் என்று பார்ப்பர். 1995 இல் நீரெடுப்புக்கு உச்சவரம்பு இட்டபோதும், 2012 இல் வடிநிலத் திட்டம் வகுத்தபோதும் இத்தகைய கணக்குகளே ஆதாரமாயின. டீக்கினின் ஆணைக்குழு கையேடும் பென்சிலுமாய் அலைந்து தேடியதும் ஏறக்குறைய இதுவே.

மாதிரியுருவில் இடம்பெறுவன சட்டம் ஏற்ற உரிமைகளே. மரே–டார்லிங் வடிநிலத்தின் மேற்பரப்பு நீருரிமைகளில் ஆதிக்குடி மக்களின் கையிலிருப்பது நூற்றுக்கு ஒன்றினுங் குறைவு. அவர்களுக்கென நீருரிமைகளை வாங்குதற்கு மத்திய அரசு 2018 இல் 4 கோடி டொலர் ஒதுக்குவதாக அறிவித்து, 2023 இல் அதனை 10 கோடியாக உயர்த்தியது.