வீரமங்கை வேலுநாச்சியார்

இராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகளாக 1730இல் பிறந்தவர் வேலுநாச்சியார். ஆண்மகவைப் போலவே வளர்க்கப்பட்ட அவர் சிலம்பம், வாள்வீச்சு, வில்வித்தை, வளரி எறிதல், குதிரையேற்றம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்தார். சிலம்பத்தில் கம்பு சுழல்வதற்கு முன் காலடி நிலைபெற வேண்டும். எதிரியின் அசைவறிந்து பின்வாங்குதலும் அக்கலையின் ஒரு கூறே.

1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயர் படையால் கொல்லப்பட்டார். நாச்சியார் நிலைகுலையவில்லை. மகள் வெள்ளச்சியுடன் விருப்பாட்சிக்குச் சென்று, எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து படை திரட்டினார். ஐதர் அலியிடம் உருதுமொழியில் உரையாடி உதவி பெற்றார். 1780இல் மருது சகோதரர்களுடன் போரிட்டுச் சிவகங்கையை மீட்டார். 1796இல் அவர் மறைந்தார்; பின்வைத்த காலடி தோல்வியன்று என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.