தயிரைப் போற்றிய அறிஞர் மெச்னிக்கோவ்

இரவில் பாலில் ஊற்றிய ஒரு கரண்டி உறைமோர், விடிவதற்குள் சட்டிப் பால் முழுவதையும் தயிராக்கிவிடுவதை நீங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். அவ்வேலையைச் செய்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அவற்றையும் மனிதனின் குடலையும் இணைத்துச் சிந்தித்த பேரறிஞர் இலியா மெச்னிக்கோவின் வரலாற்றை இங்கே காண்போம்.

இவர் 1845ஆம் ஆண்டு, அன்றைய உருசியப் பேரரசில், இன்று உக்ரேன் நாட்டிலுள்ள கார்கிவ் நகருக்கு அண்மையில் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். 1869இல் லுத்மிலா என்னும் நங்கையை மணந்தார். அவரோ காசநோயாளி. நடக்கவும் வலுவின்றி, நாற்காலியில் வைத்தே திருமணத்திற்குத் தூக்கிவரப்பட்டார். மனைவியைக் காப்பாற்ற மெச்னிக்கோவ் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் 1873இல் அவ்வம்மையார் மறைந்தார். காசநோய்க்குக் காரணமான கிருமி எது என்பதுகூட அன்று எவருக்கும் தெரியாது.

1882இல் மெச்னிக்கோவ் இத்தாலியின் மெசீனா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, அவர் மட்டும் உருப்பெருக்காடியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் விண்மீன் இளங்குஞ்சு ஒன்றின் உடலில் சிறு முள்ளைக் குத்திவைத்தார். இது மீனன்று; கடலடியில் வாழும் வேறோர் உயிரினம். மறுநாட் காலையில் பார்த்தால், அதன் உடலிலுள்ள அணுக்கள் ஊர்ந்து வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன! எளிய உயிர்களில் ஒவ்வோர் அணுவும் தானே இரையை விழுங்கிச் செரிக்கும். குடல் தோன்றிய பின்னரும் சில அணுக்கள் அப்பழக்கத்தை விடவில்லை; அவையே நம் இரத்தத்தில் வெள்ளணுக்களாகிக் கிருமிகளை விழுங்குகின்றன என்று அவர் கண்டார். இக்கண்டுபிடிப்பிற்காக 1908இல் நோபல் பரிசு பெற்றார். அப்போது அவர் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி வந்தார்.

முதுமை ஏன் வருகிறது என்னும் கேள்வி பின்னாளில் அவரைப் பற்றிக்கொண்டது. ஒத்த உருவளவுள்ள விலங்குகளைக் காட்டிலும் பறவைகள் நெடுநாள் வாழ்கின்றன. அவற்றின் பெருங்குடலோ மிகச் சிறியது. பகைவிலங்குக்கு அஞ்சி நில்லாது ஓடும் விலங்கு, கழிவைத் தேக்கி வைக்கவே பெருங்குடலைப் பெற்றது என்றும், அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் நஞ்சை உண்டாக்கி நம்மை முதுமையடையச் செய்கின்றன என்றும் அவர் எண்ணினார். பல்கேரிய நாட்டு உழவர்கள் புளித்த பாலை உண்டு நீண்டநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, தாமும் நாள்தோறும் அதனை அருந்தினார். 1907இல் நூலாகவும் எழுதினார். ஐரோப்பாவில் புளித்த பாலுக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று. நம் பாட்டிமாருக்கு இது வியப்பாயிராது!

ஆனால் மேதையின் கருத்து முழுவதும் சரியன்று. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. பெருங்குடல் வேண்டாத உறுப்பு என்னும் எண்ணம் பரவிய அக்காலத்தில், இங்கிலாந்தில் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி நீக்கிய மருத்துவரும் இருந்தனர். உண்மையில், பசு தான் தின்னும் புல்லின் நாரைத் தானே செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே செரித்துக் கொடுக்கின்றன. நம் பெருங்குடலில் உள்ளவையும் கீரை, காய்களின் நாரைப் புளிக்கவைத்து உடலுக்கு ஊட்டமாக்குகின்றன. வைட்டமின் கே என்னும் சத்தையும் உண்டாக்குகின்றன. நோய்க்கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுக்கின்றன. மெச்னிக்கோவ் போற்றிய பல்கேரிய நுண்ணுயிரோ மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை.

1916ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் 71ஆம் வயதில், அவர் பாரிசில் காலமானார். சரியாக நூறாண்டுகள் கழித்து, 2016இல், மனிதன், சிம்பன்சி, கொரில்லா ஆகியோரின் குடல் நுண்ணுயிர்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். அவற்றுள் சில இனங்கள், இம்மூவருக்கும் பொதுவான மூதாதையின் குடலில் வாழ்ந்தவற்றின் வழித்தோன்றல்கள். மூதாதையின் வழிவந்தோர் தனித்தனியாகப் பிரிந்தபோது, அவையும் உடன் பிரிந்து, பல இலட்சம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய்க் கூடவே வந்திருக்கின்றன.