ஆற்றை நீந்திக் கடந்த இளவரசன்

ஸ்பெயின் நாட்டின் தெற்கே கோர்தோபா என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கட்டடம். உள்ளே போனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள்தான்! மொத்தம் 856 தூண்கள். அவற்றின் மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள்.

இதைக் கட்டத் தொடங்கியவன் அந்த நாட்டில் பிறந்தவன் அல்ல. உயிர் பிழைக்க ஓடி வந்தவன். அவன் பெயர் அப்துர் ரகுமான்.

சிரியா நாட்டு டமாஸ்கஸ் நகரில் இருந்து உமையா வம்சத்தார் பெரிய ராஜ்யத்தை ஆண்டு வந்தார்கள். 750-ம் ஆண்டில் அப்பாசியர்கள் அவர்களைக் கவிழ்த்தார்கள். உமையா குடும்பத்து ஆண்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அப்துர் ரகுமானுக்கு அப்போது வயது 19. அவன் ஒரு மன்னரின் பேரன்.

தம்பியின் கதி

எதிரிகள் துரத்தினார்கள். அவனும் 13 வயதுத் தம்பியும் யூப்ரடீஸ் ஆற்றில் குதித்தார்கள். உயிருக்குப் பயம் இல்லை, திரும்பி வாருங்கள் என்று கரையில் நின்றவர்கள் ஆசை காட்டினார்கள். தம்பி நம்பித் திரும்பினான். கரை ஏறியதும் அவன் தலை உருண்டது! அண்ணன் அக்கரையில் நின்று அதைப் பார்த்தான் என்று பழைய வரலாறுகள் சொல்லுகின்றன.

பிறகு ஐந்து வருடம் ஊர் ஊராக அலைந்தான். பத்ரு என்ற விசுவாசமான ஊழியன் மட்டும் துணை. அவன் தாய் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் குலத்தைச் சேர்ந்தவள். அவளுடைய உறவினர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள்.

அங்கிருந்து கடலைக் கடந்தால் ஸ்பெயின். 711-ம் ஆண்டு முதல் அதன் பெரும்பகுதி முஸ்லிம்கள் கையில் இருந்தது. உமையாக்களிடம் வேலை பார்த்த சிரியா வீரர்கள் பலர் அங்கே குடியேறி இருந்தார்கள். பத்ரு முன்னால் போய் அவர்களிடம் பேசி ஆள் சேர்த்தான். 755-ல் அப்துர் ரகுமான் ஸ்பெயினில் இறங்கினான். மறு ஆண்டே கோர்தோபாவைப் பிடித்து அரசன் ஆனான்.

அவன் சாது அல்ல. 763-ல் அவனை ஒழிக்க அப்பாசியர்கள் ஏவிய படையை முறியடித்தான். தளபதிகளின் தலைகளை உப்பில் போட்டு அனுப்பி வைத்தான்! கூடவே அலைந்த பத்ருவையும் பிற்காலத்தில் சொத்தைப் பறித்து எல்லைப்புறத்துக்கு விரட்டினான். இது நமக்கு மனம் ஒப்பாத செயல்தான்.

ஆனால் பிறந்த ஊரை அவன் மறக்கவில்லை. நகருக்கு வெளியே ஒரு தோட்டம் போட்டான். சிரியாவில் தாத்தா வாழ்ந்த ருசாபாவின் பெயரையே அதற்கு வைத்தான். அங்கே நின்ற ஒற்றைப் பேரீச்சை மரத்தைப் பார்த்து, அதுவும் தன்னைப்போல் ஊர் விட்டு வந்தது என்று கவிதை எழுதினான்.

பழைய தூண், புது யோசனை

785-ம் ஆண்டு வாக்கில் பெரிய மசூதி கட்ட ஆரம்பித்தான். ரோமானியர் காலத்துப் பாழடைந்த கட்டடங்களில் இருந்து தூண்களைக் கொண்டு வந்தார்கள். அவை குட்டையானவை. அப்படியே கூரை போட்டால் உள்ளே இருட்டு அடையும். கொத்தர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தூணின் தலையில் இன்னொரு கல் தூணை எழுப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வளைவுகள் கட்டினார்கள். கூரை உயர்ந்தது. சிவப்புச் செங்கல்லும் வெளிர் நிறக் கல்லும் மாறி மாறி வைத்ததால் அழகும் கூடியது.

788-ல் அவன் இறந்தான். சிரியாவுக்கு அவன் திரும்பவே இல்லை. மகன் ஹிஷாம் மிச்ச வேலையை முடித்தான். பின்வந்தவர்கள் மூன்று முறை மசூதியைப் பெரிதாக்கினார்கள்.

1236-ல் கிறிஸ்தவ மன்னர் பெர்டினாந்து நகரைப் பிடித்ததும் மசூதி மாதா கோவில் ஆயிற்று. 1523-ல் நடுவே பல தூண்களை அகற்றிவிட்டு உயரமான கோவிலை எழுப்பத் தொடங்கினார்கள். நகரசபை எதிர்த்தும் பலிக்கவில்லை. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. அப்துர் ரகுமான் கட்டிய பகுதி பெரிதும் அப்படியே நிற்கிறது.